காரைக்குடியில் ஒரு மாலை நேர விளையாட்டு வகுப்பு: மாதம் 900 ரூபாய்க்குத் தகுமா?

இந்த வகுப்பைப் பற்றி என்னைக் கூப்பிட்டு விசாரிக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, “டீச்சர், எடை குறையுமா?” என்பதுதான். குறையலாம், குறையாமலும் போகலாம். அதற்காக மட்டும் சேர்ப்பதாக இருந்தால் அந்தக் காசுக்கு வேறு ஏதாவது வாங்குங்கள். கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, நாலு பேரோடு சேர்ந்து ஓடக் கூச்சப்படுகிறது, பந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்றால் யோசிக்காமல் சேர்க்கலாம். ஐந்துக்கு நாலு மதிப்பெண் கொடுப்பேன். பிடித்துவைத்த ஒன்றுக்குக் காரணம் பின்னால் வருகிறது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள். ஊரில் இன்னமும் பி.டி. டீச்சர் என்றால்தான் தெரியும். 2020-ல் 58 வயதோடு ஓய்வு பெற்றிருக்க வேண்டியவள். அந்த மே மாதம் அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது, 2021 பிப்ரவரியில் 60 ஆக்கியது. கூடுதலாகக் கிடைத்த இரண்டு வருடமும் பெரும்பாலும் பூட்டின மைதானத்துக்குக் காவல் இருந்ததில் போனது. 2022-ல் விசிலைக் கழற்றி வைத்தேன். அந்த ஜூனில் மகள் வயிற்றுப் பேத்தியை இந்த வகுப்பில் சேர்த்தோம். ஒரு வருடம் முடிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். வகுப்பின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், நடத்துகிறவர்கள் சின்ன வயசுக்காரர்கள், ஊரும் சின்ன ஊர். செக்காலைப் பக்கம் வேப்பமரத்துத் திடல் என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

எதைச் சரிசெய்ய இந்த வகுப்பு என்று புரிந்தால்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும். அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

2020 மார்ச் நடுவில் பள்ளிகள் மூடின. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைகள் திரும்ப வகுப்பறைக்கு வந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. பத்தொன்பது மாதத்துக்கும் மேல். பெரிய வகுப்புகளுக்கு நடுவில் கொஞ்ச நாள் கதவு திறந்து திறந்து மூடியது, சின்னதுகளுக்கு அதுவும் கிடையாது. 2022 ஜனவரியில் ஒமைக்ரான் வந்து மறுபடி ஒரு மாதம் போனது. பாடம் விட்டுப்போனதைப் பற்றி எல்லாரும் கவலைப்பட்டார்கள். அரசே இல்லம் தேடிக் கல்வி என்று தன்னார்வலர்களை வைத்து மாலை வகுப்பு நடத்தியது. நல்ல காரியம். உடம்பு விட்டுப்போனதைத் தேடி எந்த வீட்டுக்கும் யாரும் வரவில்லை.

ஊரடங்கு நாட்களில் எங்களையும் ஆன்லைனில் உடற்கல்வி நடத்தச் சொன்னார்கள். பிள்ளைகள் ஸ்கிப்பிங் ஆடி வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்ப வேண்டும். ஒருத்தி அனுப்பியதில் கயிறு தரையில் படுகிற சத்தம் ஒழுங்காகக் கேட்கிறது, ஆளைக் காணோம். கடைசியில் போன் ஒரு பக்கம் சரிந்தபோது பார்த்தால், திண்ணையில் உட்கார்ந்து அவளுடைய அப்பத்தா கயிற்றால் தரையை அடித்துக்கொண்டிருக்கிறார். அந்தம்மாவுக்காவது கைக்குப் பயிற்சி கிடைத்ததே என்று மதிப்பெண் போட்டேன்.

நவம்பரில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் திடலுக்கு வந்தபோது நான் எதிர்பார்த்தது மூச்சு வாங்குவதை. அது இருந்தது. எதிர்பார்க்காத ஒன்றும் இருந்தது: ஓடி வந்து நிற்கத் தெரியவில்லை. கோடு வந்தால் நிற்க வேண்டும் என்று மனதுக்குத் தெரிகிறது, கால் கேட்கவில்லை. இரண்டு அடி தாண்டிப் போய் அடுத்த பிள்ளை மேல் மோதுகிறார்கள். எதிரே ஒருத்தி வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை. சம்மணம் போட்டு உட்காரச் சொன்னால் முழங்கால் காற்றில் நிற்கிறது. பந்தை மேலே போட்டால் கண் அதைத் தேடுவதற்குள் பந்து கீழே வந்துவிடுகிறது. கண்மாய்க்கரைக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் பரவாயில்லை. ஆடு பத்தினார்கள், ஊருணியில் குதித்தார்கள், அவர்களுக்கு ஓட்டம் விட்டுப்போகவில்லை. ஆனால் மெலிந்து வந்தார்கள். மதியச் சத்துணவுக்குப் பதிலாக அரசு அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தது என்றாலும், பள்ளியில் ஒரு பிள்ளை தட்டில் விழுகிற சாப்பாடும் வீட்டில் ஆறு பேர் பகிர்கிற சாப்பாடும் ஒன்று இல்லை. குண்டானதை மட்டும் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இது காரைக்குடிக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆஸ்திரியாவில் கிளாகன்ஃபர்ட் என்ற ஊரில் 7 முதல் 10 வயது வரை 764 பிள்ளைகளை 2019 செப்டம்பரில் ஆறு நிமிடம் ஓடவிட்டு அளந்திருந்தார்கள். ஒரு வருடம் கழித்து அதே பிள்ளைகளை ஓடவிட்டபோது ஓட்டத் திறன் நன்றாக இறங்கியிருந்தது, எடையும் ஏறியிருந்தது. ஸ்லோவேனியாவில் பள்ளிப் பிள்ளைகளின் உடல் திறனை வருடா வருடம் அளந்து எழுதிவைக்கிற வழக்கம் 1980-களிலிருந்து இருக்கிறது. இரண்டு மாத ஊரடங்குக்கே அந்தக் கணக்கில் அதுவரை பார்க்காத சரிவு தெரிந்தது. அமெரிக்காவில் 2 முதல் 19 வயது வரை நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்ததில், உயரத்துக்கு உரிய எடை ஏறுகிற வேகம் கொரோனாவுக்கு முன்பு இருந்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஏற்கெனவே பருமனாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் அதிகம் ஏறியது. நாம் அப்படி அளக்கவில்லை. அளந்திருந்தால் தெரிந்திருக்கும்.

செட்டிநாட்டில் வேடிக்கை என்னவென்றால், இங்கே இடத்துக்குப் பஞ்சம் கிடையாது. ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவில் பின்வாசல் வைத்த வீடுகள். வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றி ஓடினாலே ஒரு பிள்ளைக்கு அன்றைய ஓட்டம் முடிந்துவிடும். ஆனால் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. திறந்திருக்கிற வீட்டில் ஒரு ஐயாவும் ஆயாவும், நடுவில் ஒரே ஒரு பிள்ளை. யாரைத் துரத்தும்? என் பேத்தி 2020-ல் இரண்டாம் வகுப்பு. மகளுக்கு வீட்டிலிருந்தே வேலை என்றானதும் சென்னையிலிருந்து இங்கே வந்துவிட்டார்கள். கூடம் பெரிது, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வழவழ என்றிருக்கும். அவள் அதில் குப்புறப் படுத்துக்கொண்டு போன் பார்த்தாள். அடுப்படியில் நாங்கள் தேன்குழலும் சீப்புச் சீடையும் சுட்டுத் தள்ளினோம். வேறு யாரிடம் காட்டுவது எங்கள் பிரியத்தை?

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

சேர்ப்பதற்கு முன் வேறு இரண்டு இடங்களைப் பார்த்தோம். ஒன்று ஏசி போட்ட ஹால், பிள்ளைகளுக்கென்று சின்ன அளவில் மெஷின்கள், சுவர் முழுக்கக் கண்ணாடி. பத்து வயதுப் பிள்ளை கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே உடற்பயிற்சி செய்வது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று போனிலேயே நடக்கிற வகுப்பு. போனிலிருந்து பிள்ளையைப் பிரிக்கப் போன் வகுப்பா?

இந்த வகுப்பை நடத்துவது ஒரு கணவன் மனைவி. அவர் இங்கேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். அவர் மனைவி கபடி ஆடியவர். பிள்ளைகள் அவரை மாஸ்டர் என்றும் அந்தப் பெண்ணை அக்கா என்றும் கூப்பிடுகிறார்கள். என்னைப் பார்த்ததும் அந்தத் தம்பிக்குக் கொஞ்சம் உதறல்தான். “டீச்சர், நீங்க சும்மா உட்கார்ந்து பாருங்க, தப்பா இருந்தா வகுப்பு முடிஞ்சதும் சொல்லுங்க, நடுவுல விசில் மட்டும் ஊதிடாதீங்க” என்றார். நியாயமான கோரிக்கை.

முதல் வாரம் முழுக்க அளவெடுப்பு. எடை பார்ப்பதோடு நிறுத்தவில்லை என்பதால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. நின்ற இடத்திலிருந்து இரு காலையும் சேர்த்துத் தாண்டச் சொன்னார்கள். கால் நீட்டி உட்கார்ந்து விரல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்த்தார்கள். ஒற்றைக் காலில் நிற்கவிட்டார்கள். அப்புறம் 20 மீட்டர் ஓட்டம். பலருக்கு இது புதிதாக இருக்கும்: 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு. ஸ்பீக்கரில் ‘பீப்’ சத்தம் வரும், அடுத்த ‘பீப்’ வருவதற்குள் எதிர்க் கோட்டைத் தொட வேண்டும். மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி ஒவ்வொரு நிமிடமும் அரை கிலோமீட்டர் கூடும். சத்தத்தை எட்ட முடியாமல் போகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். இதயமும் நுரையீரலும் எவ்வளவு தாங்குகின்றன என்பதற்கு லேப் இல்லாமல் எடுக்கக்கூடிய நல்ல அளவு இது. உலகம் முழுக்கப் பள்ளிகளில் செய்கிறார்கள். என் பேத்தி இரண்டாவது நிமிடத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். தாண்டியது 94 சென்டிமீட்டர். அந்த வயதில் என் பள்ளிப் பிள்ளைகள் சாதாரணமாக 120-ஐத் தொடுவார்கள்.

எண்களை அவளிடமே ஒரு நோட்டில் எழுதச் சொன்னார் அக்கா. வேறு யாருக்கும் காட்ட வேண்டியதில்லை என்றும் சொன்னார். (இந்த நல்ல பழக்கத்தை அவர்களே நடுவில் ஒருமுறை கெடுத்துக்கொண்டார்கள், அது பின்னால்.)

தினசரி வகுப்பு மாலை 5.30 முதல் 6.45 வரை, திங்கள் முதல் வெள்ளி. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்குச் சராசரியாகத் தினம் 60 நிமிடம் மூச்சு வாங்குகிற அளவு அசைவு வேண்டும் என்கிறது. எனவே எந்த வகுப்பைப் பார்த்தாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்றே: கொடுத்த நேரத்தில் பிள்ளை உண்மையில் எவ்வளவு நேரம் அசைகிறது? பள்ளியில் 40 நிமிட பீரியட், நாற்பது பிள்ளை, ஒரு பந்து. வரிசை, வருகைப் பதிவு எல்லாம் போக ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது சொற்ப நிமிடம். கணக்கு டீச்சர் வந்து “சிலபஸ் முடியலை” என்று அந்த பீரியடையும் கேட்டு வாங்கிப் போவார். கொரோனாவுக்குப் பிறகு அது வாரா வாரம் நடந்தது. இங்கே நான் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பேத்தியை மட்டும் கவனித்தேன். 75 நிமிடத்தில் 46 நிமிடம் கால் தரையில் நிலையாக இல்லை. நல்ல கணக்கு. முப்பது பிள்ளைக்கு எட்டு பந்து வைத்திருக்கிறார்கள், காத்திருக்கிற வரிசையே கிடையாது, அதுதான் ரகசியம்.

தொடக்கத்தில் நொண்டி. சிரிக்காதீர்கள். ஒற்றைக் காலில் குதிப்பதில் தொடை வலு, கணுக்கால் வலு, சமநிலை எல்லாம் ஒன்றாக வேலை செய்கிறது. எலும்பு உறுதிப்படுவதே தரையில் குதித்து அடி வாங்குவதால்தான். வயதுக்கு வருவதற்கு முந்தைய வருடங்களில் அதற்குப் பலன் அதிகம். சைக்கிள் மெஷினில் உட்கார்ந்து மிதிப்பதில் அந்த அடி கிடைக்காது. இரண்டு வருடம் மெத்தையிலும் சோபாவிலும் இருந்த பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்க வேண்டியது இதுதான் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அந்தத் தம்பி சரியாகப் பிடித்திருக்கிறார். செம்மண் திடல், வெறுங்கால். வாரம் ஒருமுறை முள், கண்ணாடித் துண்டு பொறுக்குவதும் பிள்ளைகள் வேலை. குனிந்து நிமிர்வதற்கு அதுவும் ஒரு பயிற்சி.

அப்புறம் கிளித்தட்டு. சுண்ணாம்புத் தூளில் கட்டம் போட்டு, கோட்டில் ஒரு அணி மறிக்கும், இன்னொரு அணி தொடப்படாமல் கட்டம் கட்டமாகத் தாண்ட வேண்டும். ஓடி வந்து நிற்பது, ஏமாற்றித் திரும்புவது, எதிராளியின் தோளைப் பார்த்து எந்தப் பக்கம் போவான் என்று கணிப்பது என்று நான் நவம்பரில் திடலில் காணாமல் தவித்த அத்தனையும் அந்த ஒரு விளையாட்டில் இருக்கிறது. இதற்கு மேல்நாட்டில் கூம்பு வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். கூம்பு ஏமாற்றாது, கிளித்தட்டில் மறிக்கிற பிள்ளை ஏமாற்றும். அந்த வித்தியாசம் பெரிது.

இந்த வகுப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். நல்ல உயரம், ஓட்டமும் மோசமில்லை. யாராவது கையைப் பிடித்தால் உடனே உதறிவிட்டு ஒதுங்கி நிற்பான். கபடி என்றால் ஓரமாகப் போய் போட்டோவுக்கு நிற்கிறவன் மாதிரி விறைத்து நிற்பான். மற்ற பிள்ளைகள் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தார்கள். அக்கா அதை அதட்டி நிறுத்தினார். எனக்குக் காரணம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எட்டு, ஒன்பது வயதில் அந்தப் பிள்ளைக்குக் காலை எழுந்ததிலிருந்து நாம் சொல்லிக்கொடுத்தது என்ன? தொடாதே, கிட்டே போகாதே, கை கழுவு, முகத்தைத் தொடாதே. அப்போது அது தேவை, சொன்னோம். முடிந்த பிறகு ‘இனித் தொடலாம்’ என்று யாராவது சொன்னோமா? மாஸ்க்கைக் கழற்றினோம், அதோடு பிள்ளைக்கு எல்லாம் தானாகப் புரிந்திருக்கும் என்று விட்டுவிட்டோம்.

அக்கா அவனைக் கபடிக்குக் கூப்பிடவே இல்லை. எல்லாருடைய இடுப்பிலும் ஒரு கர்சீப்பை வாலாகச் செருகிவிட்டு, ஒருவர் வாலை ஒருவர் பிடுங்க வேண்டும் என்று ஒரு விளையாட்டு. உடம்பைத் தொட வேண்டாம், துணியைத்தான் தொட வேண்டும். சில வாரம் அதுதான். அப்புறம் தோளைத் தட்டிவிட்டு ஓடுகிற விளையாட்டு. அப்புறம் இருவராகக் கை கோத்து மற்றவர்களைத் துரத்துவது. கபடிக் கோட்டுக்குள் அவன் தானாக வந்தது தீபாவளிக்குப் பிறகு. வந்த அன்று பிடித்த பிடியில் இன்னொரு பையனின் பனியன் கிழிந்தது. அந்தப் பையனின் அம்மா வந்து சத்தம் போட்டார். எனக்கு என்னவோ சந்தோஷமாக இருந்தது. கிழிந்த பனியனுக்கு மாஸ்டர் காசு கொடுத்துவிட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதை எந்த மெஷினும் செய்யாது. மூச்சும் வலுவும் தினம் விளையாடினால் ஒரு பள்ளி வருடத்துக்குள் திரும்பிவிடும், பிள்ளை உடம்பு அவ்வளவு கருணை உள்ளது. இன்னொரு பிள்ளையின் பக்கத்தில் பயமில்லாமல் ஓடுவது தானாகத் திரும்புவதில்லை, பொறுமையாகக் கூட்டிவர வேண்டும். இந்த வகுப்புக்கு நான் கொடுக்கிற நாலு மதிப்பெண்ணில் பாதி இதற்குத்தான்.

பெண் பிள்ளைகளுக்கு எப்படி என்று நிறைய பேர் கேட்கிறார்கள். நல்லபடியாகத்தான் இருக்கிறது. இந்த வருடம் பேத்தி வயதுக்கு வந்தாள். சடங்கு முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டு அயித்தை ஒருவர், “இனி எதுக்கு ஆச்சி திடலுக்கு?” என்றார். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் தலை நரைத்தேன். ஏழாம் வகுப்பில் நன்றாக ஓடுகிற பெண் எட்டாம் வகுப்பில் காணாமல் போவதை எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். அக்கா வீட்டுக்கே வந்து மகளிடம் பேசினார். முடியாத நாளில் ஸ்கோர் எழுதலாம், முடிந்தால் விளையாடலாம், காரணம் யாரும் கேட்க மாட்டோம் என்றார். அப்படியே நடக்கிறது.

இனி அந்த ஒரு மதிப்பெண்.

கழிப்பறை ஒன்றுதான், தண்ணீர் வாளியில் பிடித்து வைக்க வேண்டும், தாழ்ப்பாள் இழுத்தால்தான் விழும். பெண் பிள்ளைகளை இவ்வளவு அக்கறையாகக் கவனிக்கிறவர்கள் இதை ஒரு வருடமாகச் சரிசெய்யாதது எனக்குப் புரியவில்லை. திடல் வாடகை, உரிமையாளர் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். தாழ்ப்பாள் மாற்ற உரிமையாளர் எதற்கு?

அடுத்தது எடைப் பட்டியல். ஜனவரியில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ‘பொங்கலுக்குப் பிறகு எடை குறைப்புப் போட்டி’ என்று பிள்ளைகளின் பெயரும் கிலோவும் போட்டார்கள். பெற்றோர் சிலர் கேட்டதால் செய்தார்களாம். பத்து வயதுப் பிள்ளை வளர்கிற பிள்ளை, எடை ஏறத்தான் வேண்டும், உயரம் ஏறும்போது அதுவும் ஏறும். பட்டியலில் கடைசியில் இருந்த குழந்தை மறுநாள் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் கொண்டு வந்ததாக அதன் அம்மா என்னிடம் சொன்னார். நான் அந்தத் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். அன்றிரவே எடுத்துவிட்டார். ஆனால் போட்டதுதான். அந்தப் போட்டியைக் கேட்ட பெற்றோரில் இரண்டு பேர் தங்கள் பிள்ளையை நிறுத்திவிட்டு ஏசி ஹாலுக்குப் போய்விட்டார்கள், போகட்டும்.

ரீல்ஸ் ஒரு தொல்லை. ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் மாஸ்டர் போனை எடுத்து, “அதே மாதிரி இன்னொரு தடவை தாண்டு” என்பார். பிள்ளைகள் நிற்கும், சிரிக்கும், முடியைச் சரிசெய்யும். விளம்பரம் இல்லாமல் பிழைப்பு ஓடாது என்பது தெரியும். வாரத்தில் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், பழக்கம் போகவில்லை. முகம் வர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் எடுக்க மாட்டார்கள். நாங்கள் கொடுத்திருக்கிறோம், நீங்களும் கொடுங்கள்.

மழைக்காலத்தில் திடல் சேறாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பாதி நாள் வகுப்பு இருக்காது, கட்டணம் குறையாது. பக்கத்தில் ஒரு மண்டபத்தைப் பேசிவைத்திருந்தால் தாயமோ பல்லாங்குழியோ இல்லாமல் கயிறு தாண்டவாவது விடலாம். மாசி பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா நேரம் ஒலிபெருக்கி போட்டால் ‘பீப்’ சத்தம் கேட்காது, விசிலை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். அதைக் குறையென்று சொல்ல மாட்டேன், அம்மன் காரியம்.

பேத்தியின் நோட்டில் இப்போது இருப்பது: 20 மீட்டர் ஓட்டத்தில் நாலாவது நிமிடத்தை முடிக்கிறாள், தாண்டுவது 121 சென்டிமீட்டர். எடை நாலு கிலோ கூடியிருக்கிறது, உயரமும் கூடியிருக்கிறது. சனி ஞாயிறுகளில் அவளே தெருப் பிள்ளைகளைச் சேர்த்து எங்கள் வீட்டு வாசலில் கோடு போட்டுக் கிளித்தட்டு ஆடுகிறாள். ஆட்களைச் சேர்க்கிற சத்தம்தான் தாங்கவில்லை. எதிர்வீட்டு ஐயா மதியத் தூக்கம் போச்சு என்று என்னிடம் முறையிட்டார். ஊரடங்கில் தெரு எவ்வளவு அமைதி என்று புலம்பியவரும் அவர்தான்.

சேர்க்க நினைப்பவர்களுக்குச் சில விஷயம். கட்டணம் மாதம் 900, சேர்க்கைக்கு 500, அண்ணன் தம்பி அக்கா தங்கை சேர்ந்தால் இரண்டாவது பிள்ளைக்குப் பாதி. எட்டு வயதும் பதின்மூன்று வயதும் ஒரே குழுவில் இருப்பதால் ரொம்பச் சின்னப் பிள்ளையாக இருந்தால் அடுத்த வருடம் பாருங்கள். கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் இருந்த பிள்ளை, வீசிங் உள்ள பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள், படிவத்திலும் அதைக் கேட்கிறார்கள். மழையில் காசு வீணாகாமல் இருக்கத் தை மாதத்திலோ ஜூனிலோ சேர்ப்பது நல்லது. சித்திரை வெயிலுக்கு வகுப்பைக் காலை 6.15-க்கு மாற்றிவிடுவார்கள், எழுப்புவது உங்கள் பாடு. தண்ணீர் பாட்டில், ஒரு பெரிய கர்சீப் போதும். வெள்ளைச் சட்டை மட்டும் போட்டு அனுப்பாதீர்கள், எங்கள் ஊர்ச் செம்மண் எந்தச் சோப்புக்கும் போகாது.